கேசட்டில் கிடக்கும் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழா: கணினியில் ஏற்றச் சில குறிப்புகள்

● இடுக்கி போன்ற மலைப்பகுதியின் மழை ஈரத்தில் மினிடிவி (MiniDV) கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் படலம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். கேமராவின் ஹெட்டும் அழுக்காகும்.

● பல கேமராக்களில் யுஎஸ்பி வழியே முழுத் தரத்தில் வீடியோ வராது. ஃபயர்வயர் கேபிளே சரி. செருகும்போது கேமராவும் கணினியும் அணைந்திருக்கட்டும்.

● முதலில் கேசட்டின் சிறு பூட்டை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். தவறி மேலே பதிவாகாது.

● ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். பேட்டரியை நம்பாமல் அடாப்டரில் ஓட்டுங்கள்.

● 'வின்டிவி' (WinDV) மென்பொருள், படம்பிடித்த தேதி, நேரம் பார்த்துக் காட்சிகளைத் தானே தனித்தனிக் கோப்பாக்கும்.

● ஃபேட்32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. 15 நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள்.

● கோப்புப் பெயரில் ஆண்டும் ஊரும் இருக்கட்டும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் வைத்த பிறகே கேசட்டை அப்புறப்படுத்துங்கள்.