எழுதிவைக்கும் பழக்கம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதாக இருக்கும் என்று நம்மில் பலர் நினைப்போம். ஆனால் அது கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது என்று சூறா அல்பகராவின் 282ஆவது வசனம் போதிக்கிறது.

இந்த வசனத்தை நான் பல தடவை ஓதியிருக்கிறேன். ஆனால் அதன் தேவை எங்கள் வீட்டுத் தையல் மெசினுக்குப் பக்கத்தில்தான் எனக்கு விளங்கியது.

உம்மா அயலவர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுப்பார். கணக்கெல்லாம் அவரது நினைவில்தான் இருக்கும். ஒரு நோன்புப் பெருநாளைக்கு முன், பக்கத்து வீட்டு மாமி முற்பணமாக 1500 ரூபா தந்ததாகச் சொன்னார். உம்மா 500 ரூபா என்றார். இருவருமே பொய் சொல்பவர்கள் அல்லர். கடைசியில் உம்மா விட்டுக்கொடுத்தார். ஆனால் அதன்பின் இரண்டு மாதங்களாக வேலிக்கு அப்பாலிருந்து சலாம் மட்டுமே வந்தது; பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகு உம்மா ஒரு கொப்பி வாங்கி என்னிடம் தந்தார். "மாமிக்குச் சட்டை. கொஞ்சம் காசு தந்தார்" என்று முதல் வரியை எழுதினேன். உம்மா வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"எந்த மாமி? என்ன சட்டை? எவ்வளவு காசு? எப்ப தந்தாங்க? ஆறு மாசத்துக்குப் பிறகு வாசிச்சா இது உனக்கே விளங்குமா மகள்?"

அந்தக் கேள்விகள் என் கட்டுரைகளையும் திருத்தின. 'பலர்', 'மிகவும்', 'ஒரு காலத்தில்' என்று எழுத வரும்போதெல்லாம் யார், எவ்வளவு, எப்போது என்று என்னையே கேட்கத் தொடங்கினேன். பதில் தெரிந்தால் அதையே எழுதினேன். தெரியாவிட்டால் தேடிப் படித்தேன். தமிழ் ஆசிரியையின் சிவப்புக் கோடுகள் மெல்ல மெல்லக் குறைந்தன.

கொப்பியிலிருந்து இன்னும் மூன்று பாடங்கள் கற்றேன்.

முதலாவது, அன்றன்றே எழுதுவது. இஷாத் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் போதும். மூன்று நாள் தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். மீதியை நாமே இட்டுக்கட்டி நிரப்பிவிடுவோம். சட்டத்தரணியாகத் தொழில் செய்த சித்திலெவ்வை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' நாவலையும் வெளியிட்டார். பத்திரிகை நடத்துபவர் மனநிலை வரும்வரை காத்திருக்க முடியுமா?

இரண்டாவது, எழுதியதைத் திருப்பிப் பார்ப்பது. முந்திய பெருநாளைக்கு எத்தனை உடுப்புகள் தைத்தோம், எத்தனை இரவுகள் கண்விழித்தோம் என்பது கொப்பியில் இருந்தது. அதைப் பார்த்து, அடுத்த பெருநாளைக்கு உம்மா குறைவான ஓடர்களையே எடுத்தார். எல்லாம் நேரத்துக்கு முடிந்தன. கடைசிப் பத்து இரவுகளில் அமல் செய்யவும் நேரம் கிடைத்தது. பரீட்சைக்குப் படிக்கும் அட்டவணையையும் நான் இப்படித்தான் போடுகிறேன். என்னால் எவ்வளவு முடியும் என்று ஆசைப்படுவதில்லை. போன வாரம் எவ்வளவு முடிந்தது என்று பார்க்கிறேன்.

மூன்றாவது, மற்றவரின் பக்கமிருந்து வாசிப்பது. அந்த வசனத்தில் ஒரு நுட்பம் உண்டு. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவரே. ஆகவே உம்மா எழுதியதை வாடிக்கையாளரிடம் வாசித்துக் காட்டச் சொல்வார். கட்டுரையையும் அப்படி ஒருவருக்கு வாசித்துக் காட்டினால், அவர் முகம் சுருங்கும் இடத்தில் நம் பிழை இருக்கும்.

கடந்த வருடம் அதே மாமி மீண்டும் தைக்கத் தந்தார். 700 ரூபா பாக்கி என்றார் உம்மா. கொடுத்துவிட்டேன் என்றார் மாமி. நான் கொப்பியைத் திறந்தேன். மாமி பணம் தந்த திகதியும் தொகையும் என் கையெழுத்திலேயே இருந்தன. நினைவு தவறியது உம்மாவுக்குத்தான். உம்மா மன்னிப்புக் கேட்டார். மாமி சிரித்துக்கொண்டே தேநீர் கேட்டார்.

நம் பணத்தைக் காப்பாற்றத்தான் கணக்கு எழுதுகிறோம் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிறருடைய உரிமையை நம் மறதியிலிருந்து காப்பாற்றுவதும் அதுதான் என்று அன்று விளங்கியது.

சகோதரிகளே, இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்துத் திகதியிட்டு ஒரு வரி எழுதுங்கள். பெற்றோரே, வீட்டுக் கணக்கை எழுதும் பொறுப்பை உங்கள் மகளிடம் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள்.