ஒவ்வொரு அடியாய் வெளிப்படும் தேவ நோக்கம்

இரட்சிக்கப்பட்ட ஒவ்வொரு விசுவாசியின் உள்ளத்திலும் ஏதோ ஒரு நாளில் எழும்பும் கேள்வி ஒன்றுண்டு: "கர்த்தர் என்னை எதற்காக அழைத்தார்?" மேற்படிப்பைத் தெரிந்துகொள்ளும் வாலிபனும், வேலை தேடி வேறு மாநிலத்திற்குச் செல்லும் பட்டதாரியும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாயும், பணி ஓய்வு பெற்ற தகப்பனும் வெவ்வேறு காலங்களில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பதில் கிடைக்காதபோது பலர் கலங்குகிறார்கள். சிலர் தேவ சித்தத்தைத் தவறவிட்டோமோ என்ற பயத்தில் ஒன்றும் செய்யாமல் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள்.

விசுவாசிகள் நற்கிரியைகளுக்கென்று கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டவர்கள் என்றும், அந்தக் கிரியைகளைத் தேவன் முன்னதாகவே ஆயத்தம் பண்ணியிருக்கிறார் என்றும் பவுல் எபேசு சபைக்குப் போதிக்கிறார் (எபே. 2:10). ஆகவே வாழ்வின் நோக்கத்தை மனுஷன் உண்டாக்க வேண்டியதில்லை. தேவன் ஆயத்தம் பண்ணினதில் அவன் நடந்தால் போதும். அதை எப்படிக் கண்டறிவது? ஐதராபாத் நகரை மையமாகக் கொண்டு ஊழியம் செய்து, அந்நகரிலேயே தன் ஓட்டத்தை முடித்த சகோதரர் பக்த் சிங் அவர்களின் வாழ்க்கை இதற்குத் தெளிவான பாடமாய் இருக்கிறது.

1. முதலாவது தேவன், பின்பு நோக்கம்

பக்த் சிங் 1903-ஆம் ஆண்டு பஞ்சாபில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். மாணவனாயிருந்த நாட்களில் தமக்குக் கொடுக்கப்பட்ட வேதாகமத்தைக் கிழித்தெறிந்து, அழகாயிருந்த தோல் அட்டையை மாத்திரம் வைத்துக்கொண்டவர் அவர். 1926-இல் பொறியியல் கற்க இங்கிலாந்து சென்றார். 1928-இல் கனடாவுக்குக் கப்பலில் பயணம் செய்தபோது, கப்பலின் உணவுக்கூடத்தில் நடந்த கிறிஸ்தவ ஆராதனையில் உட்கார்ந்தார். எல்லாரும் முழங்காற்படியிட்டபோது எழுந்து போய்விட நினைத்தார். ஆனால் மற்ற மதத்தினரின் ஆலயங்களில் காலணியைக் கழற்றி மரியாதை செலுத்தும் தாம், இங்கும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டுமென்று எண்ணி முழங்காற்படியிட்டார். அந்த வேளையில் தேவ வல்லமை அவரை அசைத்தது. இயேசுவின் நாமம் அவர் நாவில் எழும்பியது.

அடுத்த ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு நண்பரிடம் புதிய ஏற்பாட்டைக் கேட்டு வாங்கி, இரவும் பகலும் வாசித்தார். மறுபடியும் பிறப்பதைக் குறித்து ஆண்டவர் நிக்கொதேமுவுக்குச் சொன்ன வார்த்தை (யோவான் 3:3) அவர் இருதயத்தைத் தைத்தது. பாவத்தை அறிக்கையிட்டு இயேசுவை ஏற்றுக்கொண்டார்.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். ஊழியமோ நோக்கமோ அவருக்கு முதலில் காட்டப்படவில்லை. ஆண்டவரே முதலில் தம்மை வெளிப்படுத்தினார். தேவனோடு ஒப்புரவாகாமல் தேவ நோக்கத்தைத் தேடுகிறவன், எஜமானை அறியாமல் வேலையைத் தேடுகிறவனுக்கு ஒப்பாயிருக்கிறான்.

2. மனுஷன் கொடுக்க நினைப்பதும் கர்த்தர் கேட்பதும்

1932 பிப்ரவரியில் வான்கூவர் நகரில் பக்த் சிங் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் அவருக்குள் ஒரு போராட்டம் எழுந்தது. பொறியாளராகச் சம்பாதித்து, அந்தப் பணத்தை ஊழியத்திற்குக் கொடுக்க அவர் ஆயத்தமாயிருந்தார். கர்த்தரோ பணத்தை அல்ல, அவரையே கேட்டார். குடும்பச் சொத்தின்மேல் உரிமை பாராட்டக்கூடாது, எந்த ஒரு சங்கத்தையும் சேராமல் யாவருக்கும் பொதுவாய் ஊழியம் செய்யவேண்டும், சொந்தத் திட்டங்களை வகுக்காமல் அனுதினமும் தேவ நடத்துதலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பவை அவருக்கு உணர்த்தப்பட்டன.

சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதை முதலாவது கூறிவிட்டு, அதன் பின்னரே தேவ சித்தத்தைப் பகுத்தறிவதைப் பவுல் கூறுகிறார் (ரோமர் 12:1,2). பலருடைய ஜெபத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. "சித்தத்தை முதலில் காட்டும், பிடித்திருந்தால் ஒப்புக்கொடுப்பேன்" என்பது அவர்களுடைய சொல்லப்படாத நிபந்தனை. தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதாயிருக்கிறவனே அறிந்துகொள்வான் என்பது ஆண்டவருடைய போதனை (யோவான் 7:17).

3. அறிந்த வெளிச்சத்திற்குக் கீழ்ப்படிதல்

1933 ஏப்ரலில் அவர் பம்பாய் துறைமுகத்தில் வந்திறங்கினார். வரவேற்க வந்த பெற்றோர், குடும்ப மானத்தை முன்னிட்டு விசுவாசத்தை மறைத்து வைக்கும்படி கெஞ்சினார்கள். அதற்கு இணங்கியிருந்தால் வீடும் சொத்தும் வேலையும் அவருக்கு இருந்திருக்கும். அவர் மறைக்க மறுத்தார். பெற்றோர் அவரை விட்டுச் சென்றார்கள். கையில் பணமில்லாமல், தங்க இடமில்லாமல் நின்ற அவர், தெருக்களில் சுவிசேஷத்தைக் கூறத் தொடங்கினார்.

பின்னாளில் ஆயிரங்கள் கூடும் கூட்டங்களைக் குறித்து அந்நாளில் அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றே: கிறிஸ்துவை மறுதலிக்கக் கூடாது. அந்த ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தார். வேதம் கால்களுக்குத் தீபமாயிருக்கிறது என்கிறான் சங்கீதக்காரன் (சங். 119:105). தீபத்தின் வெளிச்சம் அடுத்த அடிக்குப் போதுமானது. அந்த அடியை எடுத்து வைத்தவனுக்கே அதற்கடுத்த அடி தெரியும். தூரத்துக் காரியத்தை அறிய நாற்பது நாள் உபவாசிக்கிற ஒருவர், ஏற்கெனவே அறிந்த ஒப்புரவாகுதலையோ, உண்மையையோ, மன்னிப்பையோ தள்ளிப்போடுவாரானால், அவர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

4. போகும் இடம் அறியாத பயணம்

பக்த் சிங்கின் பாதை படிப்படியாகவே விரிந்தது. 1937-இல் பஞ்சாபின் மார்ட்டின்பூர் கிராமத்தில் அவருடைய ஊழியத்தின் மூலம் எழுப்புதல் உண்டாயிற்று. பின்பு சென்னைக்கு அழைக்கப்பட்டார். அங்கே இரட்சிக்கப்பட்டவர்களை எப்படிப் போஷிப்பது என்ற பாரம் எழுந்தபோது, உடன் ஊழியருடன் பல்லாவரம் மலைக்குச் சென்று இராமுழுவதும் ஜெபித்தார். 1941 ஜூலையில் 'யேகோவா ஷம்மா' என்ற பெயரில் சபைக்கூடுகை ஆரம்பமாயிற்று. கர்த்தர் அங்கே இருக்கிறார் என்னும் பொருளுடைய இப்பெயர் எசேக்கியேல் தீர்க்கதரிசன புத்தகத்தின் கடைசி வசனத்தில் உள்ளது. அதே ஆண்டின் முடிவில் முதலாவது பரிசுத்த சபைகூடுதல் நடந்தது.

பின்னர் ஐதராபாத்தில் 'எபிரோன்' என்ற இடம் ஊழியத்தின் மையமாயிற்று. பரிசுத்த சபைகூடுதல்களில் பல மாநிலத்தாரும் பல மொழியினரும் பந்தலின்கீழ் ஒன்றாய்த் தங்கி, ஒன்றாய் உண்டு, தேவனை ஆராதித்தார்கள். ஆபிரகாம் எபிரோனில் கர்த்தருக்குப் பலிபீடம் கட்டினான் (ஆதி. 13:18). அவன் போகும் இடம் இன்னதென்று அறியாமலேயே புறப்பட்டவன் (எபி. 11:8). மார்ட்டின்பூரிலிருந்து எபிரோன்வரை பக்த் சிங் சென்ற பாதையும் அவ்விதமாகவே இருந்தது.

5. யாவரும் முழுநேர ஊழியராக வேண்டுமா?

பொறியியலை விட்டது பக்த் சிங்குக்குக் கிடைத்த அழைப்பு. அது யாவருக்கும் பொதுவான கட்டளை அல்ல. அவரவர் அழைக்கப்பட்ட நிலைமையில் தேவனோடு நிலைத்திருக்கும்படி பவுல் புத்தி சொல்லுகிறார் (1 கொரி. 7:20-24).

வின்னிபெக்கில் ஜான் ஹேவர்டும் அவர் மனைவி எடித்தும் அந்நிய நாட்டு மாணவரான பக்த் சிங்கைத் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். இரவு உணவுக்குப்பின் குடும்பமாய் வேதம் வாசிப்பது அவர்கள் வழக்கம். உணவு மேசையும் வேத வாசிப்புமே அவர்கள் செய்த காரியம். அவற்றைக் கொண்டு இந்தியாவின் சபைகளுக்குத் தேவன் ஒரு ஊழியரை ஆயத்தப்படுத்தினார். இன்று ஐதராபாத்தின் கணினி நிறுவனங்களிலும் விடுதிகளிலும் வெளிமாநில வாலிபர் திரளாய் இருக்கிறார்கள். தனிமையிலிருக்கும் ஒரு வாலிபனுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறக்கும் குடும்பம், தேவன் ஆயத்தம் பண்ணின நற்கிரியையில் நடக்கிற குடும்பமே.

6. செயலற்ற நாட்களிலும் நோக்கம்

பக்த் சிங் தம் கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயினால் பலவீனப்பட்டு, எபிரோனில் படுக்கையில் இருந்தார். தேசமெங்கும் பிரசங்கித்தவரின் குரல் ஓய்ந்தது. செயலே வாழ்வின் நோக்கமாயிருந்தால் அந்த ஆண்டுகள் வீணென்று எண்ணப்பட்டிருக்கும். ஆனால் தேவன் தம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் மேலான நோக்கம், அவர்கள் தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவதே (ரோமர் 8:29). அந்தக் கிரியையை நோய்ப்படுக்கை நிறுத்துவதில்லை. வியாதியினாலோ முதுமையினாலோ வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் விசுவாசிகள், தங்கள் காலம் முடிந்துவிட்டதென்று சோர்ந்துபோக வேண்டியதில்லை.

2000 செப்டம்பர் 17-ஆம் தேதி, தமது 97-ஆம் வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தேசத்தின் பல பகுதிகளிலிருந்தும் திரண்ட ஜனங்களின் நடுவே, ஐதராபாத் நாராயணகூடா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டார். தாவீது தன் தலைமுறையில் தேவ சித்தத்திற்கு ஊழியஞ்செய்து நித்திரையடைந்தான் என்று வேதம் சாட்சி கூறுகிறது (அப். 13:36). தேவ நோக்கத்தைத் தேடும் விசுவாசி இன்று கேட்கவேண்டிய ஜெபம் மிகவும் எளியது: "ஆண்டவரே, இதோ நான், அடுத்த அடியைக் காட்டும், அதில் நடப்பேன்."

தனித்தியானத்திற்கும் குழு தியானத்திற்கும்

1. தேவ சித்தமென்று அறிந்திருந்தும் இன்னும் தள்ளிப்போடப்படும் காரியம் எது?

2. பணத்தையோ நேரத்தையோ கொடுத்துவிட்டு, தன்னையே கொடாமல் விலக்கி வைத்திருக்கும் பகுதி உண்டா?

3. ஹேவர்டு தம்பதியரைப்போல், இருக்கும் வீட்டிலும் வேலையிலும் இந்த வாரமே செய்யக்கூடிய நற்கிரியை யாது?