தென்னந்தோப்புக் குடும்பங்களுக்கு ஏற்ற ஓர் உபதொழில்: குளியல் சோப்பு செய்தலும் விற்றலும்

தென்னை பயிரிடும் குடியானவர்களில் பெரும்பாலோர் காயாகவே விற்றுவிடுகின்றனர். சிலர் கொப்பரையாக்கி விற்கின்றனர். எண்ணெயாக ஆட்டி விற்போர் சிலரே. அந்த எண்ணெயையும் மேனிக்குப் பயன்படும் பண்டமாக்கி விற்போர் மிகச் சொற்பம். காய்க்கு விலை இறங்கும் காலத்தில் தோப்புக்காரன் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மைசூர் சமஸ்தானத்தில், முதல் உலக யுத்தத்தால் சந்தனக் கட்டையின் அயல்நாட்டு ஏற்றுமதி தடைப்பட்டபோது, 1916-ஆம் ஆண்டில் சந்தன எண்ணெய் வடிக்கும் தொழில் தொடங்கப்பட்டது. பின்னர் அந்த எண்ணெயைக் கொண்டு அங்கே சோப்பும் செய்யலாயினர். விளைபொருளை உருமாற்றி விற்றால் விளைந்த இடத்திலேயே கூலியும் இலாபமும் நிற்கும் என்பதற்கு இது தக்க உதாரணம். எனினும், இத்தொழிலில் கைப்பொருளையும் கண்பார்வையையும் இழக்க நேரும் ஆபத்துகளும் உள. ஆகையால் செய்முறை, சட்டம், கணக்கு ஆகிய மூன்றையும் நன்கு அறிந்த பின்னரே இதில் இறங்க வேண்டும்.

1. சோப்பின் தன்மை

எண்ணெயும் காஸ்டிக் சோடா என்னும் காரமும் நீரின் உதவியால் ஒன்றோடொன்று கூடும்போது சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. பெரிய ஆலைகளில் கிளிசரினைத் தனியே பிரித்து எடுத்துக்கொள்வர். வீட்டு முறையிலோ அது சோப்பிலேயே தங்கித் தோலுக்கு மென்மை தருகிறது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கெட்டியாக உறையும், மிகுதியாக நுரைக்கும். மற்றச் சோப்புகள் நுரைக்காத உப்புத் தண்ணீரிலுங்கூட இது நுரைக்கும். ஆனால் தேங்காய் எண்ணெயை மட்டும் கொண்டு செய்த சோப்பு தோலை வறளச் செய்யும். ஆதலின் அதனுடன் நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் சேர்ப்பது நலம்.

2. அளவு

ஒவ்வோர் எண்ணெயும் வெவ்வேறு அளவான காரத்தை ஏற்கும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராமும், நல்லெண்ணெய்க்குச் சுமார் 135 கிராமும், ஆமணக்கெண்ணெய்க்குச் சுமார் 128 கிராமும் காஸ்டிக் சோடா வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் பின்வரும் அளவைக் கைக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் 700 கிராம்
நல்லெண்ணெய் 200 கிராம்
ஆமணக்கெண்ணெய் 100 கிராம்
காஸ்டிக் சோடா 156 கிராம்
சுத்தமான நீர் 340 கிராம்

இந்த எண்ணெய்கள் முழுவதும் சோப்பாவதற்கு 168 கிராம் காரம் தேவை. நூற்றுக்கு ஏழு பங்கு குறைத்து 156 கிராம் இட்டால், சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சிநின்று தோலைக் காக்கும். எல்லாப் பொருள்களையும் நிறுத்தே எடுக்க வேண்டும். படியாலும் ஆழாக்காலும் அளத்தல் கூடாது. ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு இன்றியமையாதது. எண்ணெயை மாற்றினால் காரத்தையும் மீண்டும் கணக்கிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விலையேறியதென்று கருதி ஒரு கிலோ முழுவதும் நல்லெண்ணெயாக இட்டு, காரத்தை மட்டும் 156 கிராமாகவே வைத்தால், 21 கிராம் காரம் மிகுந்து நிற்கும். அந்தச் சோப்பு தேய்த்தவருடைய தோலைப் புண்ணாக்கும்.

3. செய்முறை

துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் அல்லது சூடு தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரம் ஏற்றது. அலுமினியப் பாத்திரத்தை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. காரம் அதை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிப்படுத்தும். வேலை செய்பவர் கண்ணாடிக் கவசமும் ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் காலணியும் அணிய வேண்டும்.

காற்றோட்டமான இடத்தில் நீரை முதலில் பாத்திரத்தில் ஊற்றி, அதில் காரத்தைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். நீரில் காரத்தை இடலாமேயன்றிக் காரத்தின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கலக்கும்போது எழும் ஆவியை முகரலாகாது. கரைசல் கொதிக்கக் காய்ச்சியதுபோல் சுடும். அது 40 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு ஆறிய பின்னர், ஏறக்குறைய அதே சூட்டிலுள்ள எண்ணெய்க் கலவையில் மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். கலவை கெட்டிப்பட்டு, கரண்டியிலிருந்து விழும் தாரை மேற்பரப்பில் கோடாகச் சற்று நேரம் நிற்குமாயின் பதம் வந்ததென அறியலாம். அப்பொழுது தாள் விரித்த மர அச்சில் ஊற்றி மூடிவைக்க வேண்டும். கெட்டியானதும், ஏறக்குறைய ஒரு நாளில், அச்சிலிருந்து எடுத்து வில்லைகளாக அறுக்கலாம். இந்நிலையிலும் கையுறை அவசியம். வில்லைகளை நிழலில், காற்றுப் படும்படி இடைவெளி விட்டு அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் உலரவிட வேண்டும்.

உலர்ந்தபின் நீர்ப்பசை குறைந்து எடை இறங்கும். 100 கிராம் என விற்கக் கருதும் வில்லையை ஏறக்குறைய 115 கிராம் எடையில் அறுப்பது வழக்கம். மேற்சொன்ன அளவில் கழிவு போகப் பன்னிரண்டு வில்லைகள் கிடைக்கும். கொப்பரை எண்ணிக்கையில் பார்த்தால், 700 கிராம் எண்ணெய்க்கு ஏழெட்டுத் தேங்காய்கள் போதும்.

மஞ்சள் சேர்க்க விரும்புவோர் ஒன்றை அறிய வேண்டும். மஞ்சளின் நிறம் காரத்தோடு சேரும்போது சிவந்து பழுப்பாகும், வெயிலில் வெளிறும். கலப்பட மஞ்சளில் ஈயச் சாயம் இருக்கக்கூடுமாதலால், சொந்தக் காட்டு மஞ்சளை அரைத்துச் சேர்ப்பதே உத்தமம். கற்றாழைச் சாறு, பால், பழக்கூழ் முதலியன சீக்கிரம் கெடுவன. அனுபவம் முதிரும்வரை அவற்றை விலக்குக.

விற்குமுன் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்தாக வேண்டும். சாராயத்தில் கரைத்த பினாப்தலீன் திரவத்தை, அறுத்த முகத்தில் ஒரு சொட்டு விட்டால் கடுஞ்சிவப்பாக மாறுமாயின் காரம் மிகுந்துள்ளது, அத்தொகுதியை விற்கலாகாது.

4. விபத்து நேராதிருக்க

காஸ்டிக் சோடா பார்வைக்கு உப்பைப்போலவும் சர்க்கரையைப்போலவும் இருக்கும். குழந்தைகள் எடுத்து வாயிலிட்டால் உயிருக்கே கேடாகும். ஆகையால் அதைச் சமையலறையில் வைக்காமல், பெயர் எழுதிய மூடியிட்ட டப்பாவில் இட்டு, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தோலில் பட்டால் உடனே மிகுந்த நீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்துபிடித்து, ஓடும் நீரில் இருபது நிமிஷமாவது கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். எலுமிச்சைச் சாறு, புளித்த மோர், எண்ணெய் முதலியவற்றைக் கண்ணிலிடுவது தீங்கை மிகுதிப்படுத்தும். காரம் கலந்த கழுவுநீரைக் கிணற்றருகிலும் குளத்திலும் கொட்டலாகாது.

5. சட்டம்

வீட்டு உபயோகத்திற்குச் செய்வதற்கும் விலைக்குச் செய்வதற்கும் வேற்றுமை உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் 2020-இல் அழகுப்பொருள் விதிகள் வெளியிடப்பட்டன. இவற்றின்படி, விற்பனைக்காக அழகுப்பொருள் தயாரிப்போர் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் லைசென்ஸ் பெற வேண்டும். கைத்தொழிலென்றோ சிறிய அளவென்றோ கூறித் தப்ப இயலாது.

விதிகளில் குடியானவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, தயாரிக்கும் இடம் குடியிருக்கும் இடமாக இருத்தலும், குடியிருப்போடு வழி திறந்திருத்தலும் கூடா. ஆகவே, வீட்டிலிருந்தே நடத்தும் தொழிலென்றாலும் சமையலறையில் செய்து விற்க முடியாது. தோப்பிலோ வீட்டுக் கொல்லையிலோ தனி வாசலுள்ள, கழுவத்தக்க சுவரும் தரையும் உடைய கொட்டகை வேண்டும். இரண்டாவது, தகுதியுடைய ஒருவர் முழுநேரமும் மேற்பார்க்க வேண்டும். மருந்தாக்கியலில் டிப்ளமா பெற்றவராகவோ, பதிவுபெற்ற மருந்தாளுநராகவோ, இரசாயனத்தை ஒரு பாடமாகக் கொண்டு இண்டர்மீடியட் தேறியவராகவோ, அதற்கு நிகரென அதிகாரி ஏற்கும் படிப்புடையவராகவோ அவர் இருத்தல் வேண்டும். இரசாயனம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகளோ மருமகளோ இதற்குத் தகுதியாவாரா என்பதை முன்னதாகவே அதிகாரியிடம் கேட்டறிவது நலம். மூன்றாவது, உறையின்மேல் பண்டத்தின் பெயர், செய்தவர் பெயரும் விலாசமும், சேர்மானங்கள், நிகர எடை, தொகுதி எண், லைசென்ஸ் எண், செய்த தேதி, உபயோகிக்க வேண்டிய காலவரை ஆகியன இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்சச் சில்லறை விலையும் குறிக்கப்பட வேண்டும்.

சொறி, படை, வெண்குஷ்டம் முதலியவற்றைத் தீர்க்குமென உறையில் அச்சிடுதல் பெருந்தவறு. நோய் தீர்ப்பதாகச் சொன்ன மாத்திரத்தில் அப்பண்டம் மருந்தாகக் கருதப்பட்டு வேறு லைசென்ஸுக்கு உட்படும். பொய்யான விளம்பரம் 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரியது.

6. கணக்கு

இத்தொழிலில் நஷ்டமடைவோர் பெரும்பாலும் கணக்கினாலேயே நஷ்டமடைகின்றனர். சொந்தத் தோப்பு எண்ணெய்க்கு விலையில்லை என்றும், வீட்டார் உழைப்புக்குக் கூலியில்லை என்றும் எண்ணுவதே அத்தவறு. விளங்கும் பொருட்டு ஓர் உத்தேசக் கணக்கு கீழே காட்டப்படுகிறது. விலைகளை அவரவர் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்க.

பன்னிரண்டு வில்லைகளுக்கு எண்ணெய் 360 ரூபாய், காரம் 15, வாசனைத் தைலம் 25, உறை 36, கூலி 100, கொட்டகை, லைசென்ஸ் முதலியவற்றின் பங்கு 40, ஆக 576 ரூபாய். ஒரு வில்லைக்கு அடக்கம் 48 ரூபாய். உறையில் 60 ரூபாய் என அச்சிட்டு நேரில் விற்றால் 12 ரூபாய் மிச்சம். அதையே கடைக்காரருக்கு நான்கில் ஒரு பங்கு கழிவு கொடுத்து விற்றால் கைக்கு வருவது 45 ரூபாய்தான். வில்லைக்கு 3 ரூபாய் நஷ்டம். ஆனால் எண்ணெய் விலையைக் கணக்கில் சேர்க்காதவருக்கோ அடக்கம் 18 ரூபாயாகவும் இலாபம் 27 ரூபாயாகவும் தோன்றும். அவர் மகிழ்ச்சியுடன் மேலும் மேலும் செய்து, எண்ணெயை எண்ணெயாகவே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தையும் இழப்பார்.

முதல் முடங்குவதையும் எண்ண வேண்டும். மாதம் முந்நூறு வில்லை செய்பவருக்கு மாதச் செலவு 14,400 ரூபாய். ஆறு வாரம் உலர்த்தவும், கடைக்கு ஒரு மாதம் கடன் கொடுக்கவும் நேரிட்டால், ஏறக்குறைய இரண்டரை மாதச் செலவான 36,000 ரூபாய் எப்பொழுதும் வெளியில் நிற்கும். இந்தத் தொகையைக் கைமாற்று வாங்கி வட்டி கட்டுவோருக்கு இலாபம் மிஞ்சாது. நிலத்தை ஈடுவைத்து இத்தொழிலைத் தொடங்குதல் அறவே கூடாது.

7. தொடங்கும் வரிசை

முதல் ஆறு மாதம் குடும்ப உபயோகத்திற்கு மட்டும் செய்து பழக வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் எண் கொடுத்து, இட்ட பொருள், எடை, தேதி, சோதனை முடிவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். பத்துத் தொகுதிகள் தொடர்ந்து ஒரே தன்மையாக வந்தபின் கொட்டகை அமைத்து, சி.ஓ.எஸ்.-5 படிவத்தில் லைசென்ஸுக்கு மனுச்செய்யலாம். கடனுதவி பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தறிக. லைசென்ஸ் வந்த பின்னரே உறை அச்சிட வேண்டும். விற்பனையை உள்ளூர்ச் சந்தையிலும் திருவிழாக்களிலும் நேரில் தொடங்கி, அடக்கத்துக்கு மேல் விலை கிடைக்கும் என்பது உறுதியானபின் கடைகளை நாடலாம்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் பெரிதும் உதவ முடியும். லைசென்ஸின்றி விற்போரை முதலில் அழைத்து விதிகளைத் தெரிவித்தல், கழுவுநீர் ஊர்க்குளத்தில் கலவாது பார்த்தல், காஸ்டிக் சோடாவைச் சில்லறையாகக் காகிதப் பொட்டலத்தில் விற்பதன் அபாயத்தைக் கடைக்காரருக்கு எடுத்துரைத்தல் ஆகியவை அவர்களால் ஆகக்கூடியவை. தனித்தனியே கொட்டகை போட வசதியற்ற நான்கைந்து குடும்பங்கள் கூடி ஒரே கொட்டகையில் ஒரே லைசென்ஸின்கீழ்ச் செய்தால், செலவு பங்காகும். இரசாயனம் அறிந்த ஒருவரே அனைவருக்கும் போதும். நிறுத்து அளந்து, எழுதிவைத்து, சட்டத்திற்குட்பட்டு நடத்துவோருக்கு இது தோப்பு வருமானத்தைத் தாங்கும் நல்ல உபதொழிலாகும்.