மூன்றாவது ஓட்டை எதற்கு?



நம் கணினி அறையில் எல்லாக் கணினிகளையும் இணைக்க நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியும் கேபிளும் மாட்டப் போகிறார்கள். உதவிக்கு எங்கள் வகுப்பிலிருந்து நான்கு பேர் போகிறோம். அறிவியல் ஆசிரியையிடமும் வயரிங் வேலை செய்யும் என் மாமாவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, நம்மைத் தாக்கும் கரண்ட். இன்னொன்று, நம்மிடமிருந்து போய்க் கருவியைத் தாக்கும் நிலைமின்சாரம்.

நம்மைத் தாக்குவது

ப்ளக் பாயிண்டில் வருவது 230 வோல்ட். கீழே உள்ள இரண்டு ஓட்டையும் ஃபேஸ், நியூட்ரல். மேலே பெரிசாக இருக்கும் மூன்றாவது ஓட்டைதான் எர்த். அதற்குரிய பின் மட்டும் நீளமாக இருக்கும். ஏன் தெரியுமா? சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும்.

உள்ளே ஃபேஸ் ஒயர் விட்டுப்போய் இரும்புப் பெட்டியில் பட்டால், கரண்ட் எர்த் ஒயர் வழியே பாயும். உடனே ஃப்யூஸ் போய்விடும் அல்லது பிரேக்கர் விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் எதுவும் விழாது. முதலில் தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் கரண்ட் மண்ணுக்கு இறங்கும்.

நம் ஊரில் பலர் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். சிலர் ப்ளக்கே இல்லாமல் ஒயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகுகிறார்கள். கேட்டால், "ஃபேன் சுத்துதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். எர்த் இல்லாமலும் ஃபேன் சுற்றும். அதனால்தான் குறை யார் கண்ணிலும் படுவதில்லை.

யூ.பி.எஸ். இருக்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். மெயினை அணைத்தாலும் அது பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நம்மிடமிருந்து போவது

சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளிடம் காட்டினால் ஒட்டுகிறது அல்லவா? அதுவே நிலைமின்சாரம். காற்றில் ஈரம் குறைந்த நாளில் நைலான் துணியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உரசி எழுந்தால், நம் உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறலாம். மின்னூட்டம் மிகக் கொஞ்சம், நொடியில் தீர்ந்துவிடும். அதனால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. சுமார் 3000 வோல்ட் இருந்தால்தான் 'சுரீர்' என்றே தெரியும். ஆனால் சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குக் கீழேயே கெட்டுவிடும். கெடுத்தது நம் கைதான் என்று நமக்கே தெரியாது!

இதைத் தடுக்க மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்று உண்டு. அதன் ஒயர் உடம்பில் சேர்ந்ததை எர்த்துக்கு இறக்கிவிடும். "சும்மா ஒரு ஒயரைக் கையில் கட்டிக்கிட்டா போதாதா?" என்று மாமாவிடம் கேட்டேன். "செத்துப் போயிடுவ" என்றார். கை நேராக எர்த்தில் இருக்கும்போது ஃபேஸ் பட்டால் முழுக் கரண்டும் உடம்பில் பாயும். பட்டையில் 10 லட்சம் ஓம் மின்தடை இருக்கிறது. ஓம் விதிப்படி 230 ÷ 10,00,000 = 0.23 மில்லி ஆம்பியர். நமக்கு உறைக்கக்கூட உறைக்காது.

நினைவில் வைக்க

1. சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைப் பிடுங்கணும்.
2. பிறகு பெட்டியில் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடணும். நம் மின்னழுத்தமும் பெட்டியின் மின்னழுத்தமும் சமமாகிவிடும்.
3. கார்டை ஓரத்தில் பிடிக்கணும். அது வந்த உறையிலேயே வைக்கணும்.
4. ஈரக் கையோடு, வெறுங்காலோடு வேலை கூடாது. இடி இடித்தால் கேபிளைத் தொடக் கூடாது.
5. யூ.பி.எஸ்., பவர் சப்ளை பெட்டிகளைத் திறக்கவே கூடாது. பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

எர்த் ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. பின்னால் ஒயர் இருக்க வேண்டும், அது மண்ணுக்குப் போக வேண்டும். ஆகவே பெட்டி மாட்டும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எல்லா பாயிண்ட்டிலும் எர்த் சோதிக்கும்படி தலைமை ஆசிரியரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உப்பும் கரியும் போட்ட எர்த் குழி காய்ந்தால் சரியாக வேலை செய்யாது. கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ப்ளக்குகளில் மூன்று பின் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணால் மட்டும்!

— 9ஆம் வகுப்பு மாணவி