பழைய காருக்குப் பல் பார்த்தல்

எங்கள் ஊர்ச் சந்தையில் மாடு வாங்குவோர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். வயது பல்லில் தெரிந்துவிடும். விற்பவன் வாய்ச்சொல் வேண்டியதில்லை. பழைய காருக்குப் பல் எது? 2024-இல் புனே நகரில் இக்கேள்வி எனக்கு எழுந்தது. அப்போது கற்ற பாடங்களை, என்னைப் போல் உதவித்தொகையில் காலம் தள்ளும் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

நான் நிலவியல் ஆராய்ச்சி மாணவன். தக்காணத்து எரிமலைப் பாறைகளை உடைத்துச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவது என் வேலை. பேருந்து நடத்துநர்களுக்கு என் மூட்டைகளின் மீது அன்பு கிடையாது. ஆகவே எஸ்டேட் கார் ஒன்றைத் தேடினேன். அதன் கூரை பின்புறம் வரை நீண்டிருக்கும். பின் இருக்கையை மடக்கினால் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் கிடைக்கும். நம் நாட்டில் இவ்வகைக் கார்கள் குறைவு. டாட்டா நிறுவனம் 1992-இல் ‘எஸ்டேட்’ என்னும் பெயரிலேயே ஒன்றையும், 2004-இல் ‘இண்டிகோ மரீனா’வையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனக்குக் கிடைத்தது 2007-இல் பதிவான டீசல் மரீனா. ஓடியிருந்த தூரம் 1,84,000 கிலோமீட்டர். கேட்ட விலை 95,000 ரூபாய். என் கையிருப்பு 1,20,000. அது மூன்றாண்டுச் சேமிப்பு.

முதற்பாடம்: தூரத்தைக் கண்டு மிரளாமல், அதற்குச் சான்று கேட்க வேண்டும். 17 ஆண்டுகளில் 1,84,000 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,800 கிலோமீட்டர், இது மிகுதியன்று. மீட்டரைத் திருத்திவிடலாம். பிரேக் மிதியின் ரப்பர்த் தேய்வையும், ஸ்டீயரிங்கின் வழவழப்பையும், பழைய பில்களில் குறித்த எண்களையும் சேர்த்துத் திருத்துவது கடினம். விற்பவர் ஓய்வு பெற்ற முதியவர். பில்களை வரிசையாகக் கோப்பில் வைத்திருந்தார். எண்கள் படிப்படியாக ஏறிவந்தன. பல் சரியாகவே இருந்தது!

இரண்டாம் பாடம்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க வேண்டும். முன்பே சூடாக்கிய எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை ஓயாவிட்டால் டீசல் முழுதும் எரியவில்லை. சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிட்டால் உள்ளே நீர் கசிய வாய்ப்புண்டு. இக்காரில் புகைக்குறை இல்லை. ஆனால் டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லை. அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினே பாழாகலாம். கிளச் நழுவுகிறது என்பதை முதியவரே மறைக்காமல் சொன்னார்.

மூன்றாம் பாடம் தாள்களைப் பற்றியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. இக்காருக்கு 2027 வரை பதிவு இருந்தது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப்பதிவு எண் வாங்க வேண்டும், வரியும் உண்டு. படிப்பு முடிந்ததும் ஊருக்கே ஓட்டிச் சென்றுவிடலாம் என்று கனவு காண்போர் இதை நினைவில் வைக்க.

நான்காவது, கணக்குப் பாடம். நான் அழைத்துச் சென்ற மெக்கானிக் போட்ட கணக்கு: பெல்ட் 9,000; கிளச் 11,000; நான்கு டயர்கள் 18,000; பாட்டரி 6,000. ஆக 44,000. காப்பீட்டுக்கும் பெயர் மாற்றத்துக்கும் 10,000 ஒதுக்கினேன். கையிருப்பில் மிஞ்சுவது 66,000. அன்றிரவு ஒரு சீட்டில் ‘65,000, அதற்குமேல் இல்லை’ என்று எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதியவர் 75,000 வரை இறங்கி வந்தார். உடன்வந்த அறை நண்பன், “மீதி பத்தை நான் தருகிறேன், வாங்கிவிடு” என்றான். அவன் தாயார் கல்லூரிக் கட்டணத்துக்கு அனுப்பிய பணம் அது. என் மனம் ஆடியது உண்மை. பின்கதவைத் திறந்து, பாறை மூட்டைகளை எங்கெங்கே அடுக்கலாம் என்றுகூட அளந்துவிட்டேன். ஆயினும் சீட்டு பையில் இருந்தது. முதியவரை வணங்கி விடைபெற்றேன்.

இப்போது களப்பணி நாட்களில் மட்டும் ஜீப்பை வாடகைக்கு எடுக்கிறோம். அந்த மரீனாவைச் சில வாரங்களுக்குப் பின் கடைத்தெருவில் கண்டேன். ஒரு பூ வியாபாரி வாங்கியிருந்தார். பின்புறம் நிறையச் சாமந்தி மூட்டைகள். கார் நல்ல கார்தான். குறை என் பையில் இருந்தது. காரின் பல்லைப் பார்ப்பதற்கு முன் நம் பையைப் பார்ப்பது நலம். நண்பர்களே, அந்தச் சீட்டை அறையிலேயே எழுதிவிடுங்கள்; காரின் முன் நின்றுகொண்டு எழுதாதீர்கள்.