முக்கோண வயலின் விஸ்தீரணம்

வைகைப் பாசனத்திலும், 1895-ம் வருஷம் திறக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீர் பாயும் மேலூர்ப் பகுதியிலும், வாய்க்கால் சாய்வாக அறுத்துச் சென்ற இடங்களில் மூன்று மூலை வயல்கள் ஏற்படுவதுண்டு. இவற்றை விற்கும்பொழுதும், பாகம் பிரிக்கும்பொழுதும், சங்கக் கடனுக்கு ஈடு காட்டும்பொழுதும் வரப்பைச் சுற்றி அளந்து, அந்நீளத்தைக் கொண்டே நிலத்தை மதிப்பிடலாம் என்று எண்ணுதல் பெரும் நஷ்டத்திற்கு இடமாகும்.

66 அடிச் சங்கிலியில் 100 லிங்குகள் உள. 1,000 சதுர லிங்கு ஒரு சென்டு. 100 சென்டு ஓர் ஏக்கர். (பட்டாவில் ஹெக்டேர் கணக்கு இருப்பினும் ஊர்ப்பேச்சு சென்டிலேயே நடக்கிறது.) இரண்டு வயல்களை நோக்குக. ஒன்றின் வரப்புகள் 260, 280, 300 லிங்கு; மற்றதன் வரப்புகள் 100, 350, 390 லிங்கு. இரண்டிற்கும் சுற்றளவு 840 லிங்கே. ஆயினும் முன்னது 33.6 சென்டு, பின்னதோ 16.8 சென்டு. சுற்றளவை நம்பிப் பின்னதை வாங்குவோன் பாதி நிலத்துக்கு முழு விலை கொடுத்தவனாவான்.

வேறுபாடு எதனால் வந்தது? மூன்று வரப்புகளையும் தொடும்படி வயலுக்குள் ஒரு வட்டம் இடுவதாகக் கொள்க. முதல் வயலில் அதன் அரைவிட்டம் 80 லிங்கு, மற்றதில் 40. சுற்றளவில் பாதியை இவ்வரைவிட்டத்தால் பெருக்கினால் விஸ்தீரணம் கிடைக்கும். 420-ஐ 80-ஆல் பெருக்க 33,600 சதுர லிங்கு. 40-ஆல் பெருக்க 16,800. வட்டத்தின் மையத்திலிருந்து மூன்று மூலைகளுக்கும் கயிறு பிடித்தால் வயல் மூன்று சிறு முக்கோணங்களாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரப்பு அடிப்பக்கம். உயரம் மூன்றுக்கும் ஒன்றே, அதாவது அரைவிட்டம். அடிப்பக்கத்தில் பாதியை உயரத்தால் பெருக்கி மூன்றையும் கூட்டுவதே மேற்சொன்ன விதி.

மையத்தைக் காண்பது கடினமன்று. அறுவடைக்குப் பின், ஒரு மூலையிலிருந்து இரு வரப்புகளின் மேலும் சமதூரத்தில் முளை அடித்து, அவ்விரண்டிற்கும் நடுவில் மற்றொரு முளை அடிக்க. மூலையிலிருந்து நடுமுளை வழியாக நேர்க்கயிறு இழுக்க. வேறொரு மூலையிலும் இவ்வாறே செய்க. கயிறுகள் சந்திக்கும் இடமே மையம். அங்கிருந்து வரப்புக்கு உள்ள மிகக் குறைந்த தூரம் அரைவிட்டம். வரப்புகள் வளைவின்றி நேராக இருத்தல் அவசியம்.

பள்ளியில் பயின்ற அடிப்பக்கம், உயரம் முறையும் சரியே. முதல் வயலில் 280 லிங்கு வரப்புக்கு உயரம் 240, அதிலும் 33.6 சென்டே வரும். ஆனால் அங்கே ஒரே உயரத்தை அளந்து நின்றால் பிசகு வெளிப்படாது. இம்முறையிலோ மையத்திலிருந்து மூன்று வரப்புகளுக்கும் அளந்து, மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஒரு லிங்கு பிசகினாலும் இவ்வயல்களில் 420 சதுர லிங்கு, ஏறக்குறைய அரைச் சென்டு, மாறிவிடும். ஆகையால் மூன்றும் ஒவ்வாவிடில் கயிற்றை மீண்டும் பிடிப்பதே முறை.