சோலைமந்திக்கு ஒரு பாலம்

கோவை மாவட்டத்தில் வால்பாறை இருக்கிறது. எங்கும் தேயிலைத் தோட்டம். இடையிடையே துண்டு துண்டாகக் காடு. அங்கே சோலைமந்தி வாழ்கிறது. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். உடல் கறுப்பு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி. வால் நுனியில் குஞ்சம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர, உலகில் வேறு எந்தக் காட்டிலும் இது இல்லை.

சோலைமந்தி மரத்துக்கு மரம் தாவிப் போகும். தேயிலைக்காகக் காட்டை வெட்டினோம். சாலை போட்டோம். மரம் இல்லாத இடத்தில் அது கீழே இறங்குகிறது. வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

இதற்கு என்ன வழி? ஆய்வாளர்கள் குரங்குக் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தார்கள். பெரியவை எத்தனை? குட்டிகள் எத்தனை? எதைத் தின்றன? எங்கே சாலையைக் கடந்தன? எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டினார்கள். குரங்குகள் அதில் நடக்கப் பழகிக்கொண்டன.

ஆப்பிரிக்காவில் மலைக் கொரில்லாவையும் இப்படித்தான் கவனிக்கிறார்கள். 1967-ல் டயான் ஃபாசி என்ற பெண் ருவாண்டா நாட்டு மலையில் தங்கி இந்த வேலையைச் செய்தார். நமக்குக் கைரேகை போல, கொரில்லாவுக்கு மூக்கில் கோடுகள். ஒன்றின் கோடு மற்றொன்றுக்கு இருக்காது. அதை வரைந்து வைத்து அடையாளம் கண்டார். 2018-ல் வெளியான கணக்கில் மலைக் கொரில்லாக்கள் 1000-க்கு மேல் இருந்தன.

எழுதி வைத்த கணக்கு உயிரைக் காக்கும்.

நாமும் உதவலாம். காட்டுச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டுவோம். குரங்குக்குத் தின்பண்டம் போட வேண்டாம். அந்த ருசிதான் அதைச் சாலைக்கு இழுக்கிறது.

பதில் எழுதுங்கள்:
1. சோலைமந்தி ஏன் சாலையில் இறங்குகிறது?
2. கொரில்லாவை எதை வைத்து அடையாளம் காணலாம்?
3. உங்கள் ஊரில் குறைந்துவரும் விலங்கு அல்லது பறவை எது?